கண்காணிப்பு: டீனா

மேலாளர் கேசவின் முன்னால் அந்த அறையை அறை என்று சொல்லக் கூடாது. வார் ரூம் என்று சொல்ல வேண்டும். அல்சூர் ஏரியைப் பார்த்தபடி இருந்த ஏழாவது மாடியில், ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டி ஏரியை ஒழித்துக்கட்டிவிட்டு, எதிர்ச் சுவர் முழுக்கப் பன்னிரண்டு திரைகளை மாட்டி, அவற்றுக்கு முன்னால் ஒன்பது பேரை உட்காரவைத்திருந்தார். அவர்கள் ஊழியர்கள் அல்ல, முன்களப் படை. டீ குடிக்கப் போனால் அது போர் நிறுத்தம். ஒரு சர்வர் திணறினால் தாக்குதல். கேசவின் தாத்தா மைசூர் சமஸ்தானத்தில் ஸ்டாம்பு காகிதப் பிரிவில் ஹெட்கிளார்க். அப்பா விதான சௌதாவில் அண்டர் செக்ரட்டரியாக இருந்து ரிட்டயர் ஆனவர். மூன்று தலைமுறையாக அந்த வீட்டில் யாரும் ஒரு கொசுவைக்கூட முழு மனதோடு அடித்ததில்லை. யுத்தம் கேசவ் காலத்தில்தான் வாய்த்தது.

அந்தப் படை காவல் காத்தது ஒரு காவல் கம்பெனியை. கோவிந்தப்பா என்ற முன்னாள் ஹெட்கான்ஸ்டபிளின் செக்யூரிட்டி ஏஜென்சி. நகரத்தில் தொள்ளாயிரம் கேட்டுகளில் அவருடைய ஆட்கள் நீலச் சட்டையும் மூங்கில் கம்புமாக நின்றார்கள். முன்பெல்லாம் டியூட்டிக்கு வர முடியாத செக்யூரிட்டி தன் சட்டையை மச்சானுக்கு மாட்டி அனுப்பிவிடுவான். இந்த ஆள்மாறாட்டத்தை ஒழிக்கத்தான் பாட் வந்தது. பாட் என்றால் கையோ காலோ உள்ளதல்ல. மும்பையில் வாடகைக்கு எடுத்த ஒரு சர்வரில் குடியிருக்கும் புரோகிராம். அரை மணிக்கொரு தரம் ஒவ்வொரு கேட்டிலும் இருக்கிற ஆள் தன் முகத்தைப் போனில் படமெடுத்து அனுப்ப வேண்டும். பாட் அந்தப் படத்தை இன்னொரு சர்வரிடம் காட்டி, "இது அவன்தானா?" என்று கேட்கும். இல்லை என்று பதில் வந்தால் பக்கத்தில் சும்மா இருக்கும் வேறொரு செக்யூரிட்டியின் போனுக்கு ஓர் உத்தரவு பறக்கும்: "இந்தக் கேட்டில் நிற்பவர் போலி. அவரை அப்புறப்படுத்திப் பொறுப்பேற்கவும். அப்புறப்படுத்தியதற்குப் படம் அனுப்பவும்."

பதிலே வராவிட்டால்? அதைக் கோவிந்தப்பா ஆரம்பத்திலேயே தீர்த்துவைத்திருந்தார். "சந்தேகம் பந்த்ரே, வந்துச்சுன்னா போலின்னே வச்சுக்கங்க. டிபார்ட்மென்ட்ல நாங்க அப்டித்தான் கத்துக்கிட்டது."

மெஷின் போடும் உத்தரவை ஆட்கள் மதிப்பதில்லை என்று அவரே ஒரு முறை குறைபட்டுக்கொண்டார். கேசவ் அன்றிரவே ஒரு மனிதத் தொடுகையைக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு உத்தரவின் அடியிலும் அந்த ஷிப்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் பெயர் தானாக வந்து உட்காரும். பகல் ஷிப்டில் வந்து உட்கார்ந்தது, "கண்காணிப்பு: டீனா."

டீனாவுக்கு முப்பத்தொரு வயது. அவள் அப்பா ஓஸ்வால்டுக்கு அறுபத்து மூன்று. லேத் பட்டறையில் முப்பத்தாறு வருஷம் இரும்பு கடைந்துவிட்டு, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் அதே ஏஜென்சியில் சேர்ந்து, பிரேசர் டவுனில் ஓர் அபார்ட்மென்ட் கேட்டில் நின்றார். உத்தரவில் மகள் பெயர் வந்த முதல் நாள் போனைக் கொண்டுபோய்ச் சர்ச் வாசலில் நாலு பேரிடம் காட்டினார். கையில் பலம் இருந்தது. நெஞ்சில் ஸ்டென்ட் இருந்தது.

அன்று ஆயுத பூஜை. அதோடு சுவர்த் திரைகளில் கோளாறுச் சிவப்பு விழாத நூறாவது நாள்.

நூறு நாள் சிவப்பு விழாமல் போனதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, கேசவ் போட்டிருந்த விதி. பாட்டை நிறுத்த வேண்டுமானால் சுவரில் சிவப்பு இருக்க வேண்டும். சிவப்பு இல்லாமல் நிறுத்தினால் நிறுத்தியதே ஒரு சிவப்பு. எப்படி நிறுத்தினாலும் அவருடைய கட்டைவிரல் ரேகை அவருடைய போனில் விழ வேண்டும். இரண்டாவது காரணம் வண்ணம். ரிப்பேருக்காக ஒரு சர்வரின் எச்சரிக்கைகளை வாயடைத்து வைத்தால் அது சுவரில் சாம்பல் நிறமாகத் தெரியும். "ஏன் ஒரே விபூதியா இருக்கு?" என்று ஒரு விருந்தாளி கேட்டுவிட்டார். மறுநாள் சாம்பல் நிறத்தைப் பச்சையாக மாற்றச் சொல்லி ஆணை வந்தது. அன்றிலிருந்து நன்றாக இருப்பதும் பச்சை, வாயடைத்துக் கிடப்பதும் பச்சை.

பத்தரை மணிக்குப் பாட்டையும் எல்லா சர்வர்களையும் ஒரு மணி நேரம் நிறுத்தினார்கள். ஆயுதங்களுக்கு ஓய்வு. நிறுத்தினால் எச்சரிக்கை கத்துமே என்று எல்லாவற்றையும் வாயடைத்தார்கள். பன்னிரண்டு திரைகளுக்கும் சந்தனம், குங்குமம்.

"சார், சர்வர் மும்பைல இருக்கு. இங்க பொட்டு வச்சா அங்க எட்டுமா?" என்றான் நாகேஷ். ஸ்ரீராம்புரத்துக்காரன், சர்வர்களை ஏற்றி இறக்குவது அவன் வேலை.

"பாவனைதான்டா முக்கியம்," என்றார் கேசவ்.

"அது சரி குரு. நம்ம டிபார்ட்மென்டே பாவனைதானே."

முதன்மை விருந்தினர் கோவிந்தப்பா லிப்ட் வாசலில் பூசணிக்காயை ஒரே போடில் நாலாகப் பிளந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். பதினொன்றரைக்கு எல்லாவற்றையும் எழுப்பினார்கள். பாட் எழுந்தது. முகம் பார்க்கிற சர்வர் எழவில்லை. அது ஒப்பிட்டுப் பார்க்கும் படங்கள் இருந்த டிஸ்க் அதோடு இணையவில்லை. அது நாலு முறை கத்தியது. ஆனால் வாயடைப்பை எடுக்க வேண்டியவர் கேசவ். அவர் அப்போது கோவிந்தப்பாவுக்கு இலையில் புளியோதரை வைத்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு மணிக்குத் தொள்ளாயிரம் கேட்டிலிருந்தும் முகங்கள் வந்தன. பாட் கேட்டது. பதில் வரவில்லை. தொள்ளாயிரம் பேரும் போலி. ஏஜென்சியின் கையிருப்பில் இருந்த நூற்றைம்பது பேருக்கு உத்தரவு பறந்தது. கம்பை எடுத்துக்கொண்டு நூற்றைம்பது பேரும் புறப்பட்டார்கள்.

சுவரில் 'அப்புறப்படுத்தல் வெற்றி' என்று ஒரு கட்டம் உண்டு. ஒரு நாளைக்கு மூன்று, மிஞ்சினால் நாலு. பன்னிரண்டே காலுக்கு அது நாற்பத்தொன்று என்றது. பச்சையில்.

"பாருங்க கோவிந்தப்பா சார்!" கேசவின் குரல் தழுதழுத்தது. "நூறாவது நாள்ல நூறு அடிக்கப் போறோம்!"

"நம்ம ஹுடுகரு இன்னிக்கு பலே ஸ்பீடு," என்று தன் ஆட்களை மெச்சினார் கோவிந்தப்பா, வடையைக் கடித்தபடி.

டீனாவுக்கு அந்த எண் பிடிக்கவில்லை. "நாகேஷ், சான்றுப் படங்களைத் திறப்பா."

"எதுக்குக்கா? எல்லாம் 'தரம்: சரி'ன்னுதான் போட்டிருக்கு."

"திறன்னா திற."

முதல் படத்தில் ஒரு நீலச் சட்டைக்காரர் சாக்கடைக்குள் மண்டியிட்டிருந்தார். அவர் பின்கழுத்தில் ஒரு கறுப்பு பூட்ஸ். இரண்டாவதில் ஒருவருடைய வாயிலிருந்து ரத்தம் நூல்போலத் தொங்கியது. கையில் அடையாள அட்டையைத் தூக்கிப் பிடித்திருந்தார், படம் எடுப்பவருக்குத் தன் பெயர் தெரியட்டும் என்று. மூன்றாவதில் மல்லாந்து கிடந்தவரின் முழங்கால், முழங்கால் மடங்காத பக்கமாக மடங்கியிருந்தது. நாலாவது படத்தில் ஆளே இல்லை. கேட் கம்பியில் ஒரு கொத்து முடி மட்டும். அதற்கும் 'தரம்: சரி'.

"அய்யோ மாதா," என்றாள் டீனா.

"எல்லாரும் நம்ம ஆளுங்கக்கா." நாகேஷின் விளையாட்டுக் குரல் இறங்கிவிட்டது. "இந்த சாக்கடைக்காரரை எனக்குத் தெரியும். மூணு வருஷமா அதே கேட்டு. நம்ம ஆளுங்களே நம்ம ஆளுங்களை அடிக்கிறானுங்க."

அவன் உள்ளே புகுந்து பார்த்தான். இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிட்டது: முகம் பார்க்கிற சர்வர் செத்துக் கிடக்கிறது, வாயடைப்பு இருப்பதால் சுவரில் பச்சையாகச் சிரிக்கிறது. அதற்குள் பன்னிரண்டரை. மறுபடி முகங்கள். மறுபடி எல்லோரும் போலி. கையிருப்பு ஆட்கள் தீர்ந்துபோனதால் பாட் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தது. இந்தக் கேட்டு ஆளை அந்தக் கேட்டுக்கும், அந்தக் கேட்டு ஆளை இந்தக் கேட்டுக்கும் அனுப்ப ஆரம்பித்தது. ஒருவனைப் போலி என்று முடிவு செய்த அதே நொடியில், அவனுடைய போனுக்கே, வேறொரு போலியை அடிக்கச் சொல்லி உத்தரவு.

டீனா பட்டியலில் அப்பா பெயரைத் தேடினாள். இருந்தது. கோல்ஸ் பார்க் பக்கத்து அபார்ட்மென்டுக்கு அனுப்பப்பட்டிருந்தார். அங்கே நிற்பவர் தினேஷ், வயது முப்பத்தெட்டு. அப்பாவின் கேட்டுக்கு வேறு இரண்டு பேர் புறப்பட்டிருந்தார்கள்.

போன் போட்டபோது மணி பன்னிரண்டே முக்கால்.

"டாடி, எங்க இருக்கீங்க?"

"டியூட்டில. நடந்துட்டிருக்கேன். சொல்லு."

"எங்க நடக்குறீங்க?"

"நீ அனுப்புன எடத்துக்குத்தான். போலி ஒருத்தன் நிக்கிறானாமே."

"போலி இல்ல டாடி. சிஸ்டம் கெட்டுப்போச்சு, தப்பு தப்பா அனுப்புது. வீட்டுக்குப் போங்க. உங்க கேட்டுக்கும் போகாதீங்க."

"ட்ரெயினிங்ல என்ன சொன்னாங்க? போன்ல யார் என்ன சொன்னாலும் நம்பாத, ஆப்ல வர்றதுதான் ஆர்டர்."

"நான் உங்க பொண்ணு பேசறேன்!"

"பொண்ணு குரல்லயே பேசி ஏமாத்துறானுங்களாம் இப்ப. வீடியோ போட்டுக் காட்டுனாங்க." சிரித்தார். மூச்சு வாங்கியது. "பாரு, உன் பேரோட வந்திருக்கு. உன் ஆர்டரை அப்பனே மீறுனா மத்தவன் எவன் மதிப்பான்? நிறுத்தணும்னா அதுலயே நிறுத்துன்னு அனுப்பு. நான் திரும்பிடறேன்."

வைத்துவிட்டார். அடுத்த முறை எடுக்கவில்லை. டியூட்டியில் போன் பேசக் கூடாது என்பதும் ட்ரெயினிங்கில் சொன்னதுதான்.

கோல்ஸ் பார்க்குக்கு அவர் நடையில் பதினைந்து நிமிடம். டீனா கேசவிடம் ஓடினாள். ஒரு மணிக்குச் சிங்கப்பூரிலிருந்து கம்பெனி டைரக்டர் வீடியோவில் வருகிறார். நூறு நாள் சாதனைப் பலகையைத் திறக்க வேண்டும். கேசவ் பலகைக்குப் பட்டுத்துணி போர்த்திக்கொண்டிருந்தார்.

"சார், பாட்டை உடனே நிறுத்தணும். ரத்து ஆர்டர் அனுப்பணும்."

"எது சிவப்பா இருக்கு?"

"எதுவும் இல்ல. அதான் பிரச்சனை."

"பிரச்சனை இல்லாததுதான் பிரச்சனைங்கறியா? போய் உக்காரும்மா."

முழங்கால் படத்தை நீட்டினாள். கேசவ் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். முகம் சுருங்கியது. கையால் தள்ளினார்.

"இதெல்லாம் ஏன் காட்டற, சாப்ட கையோட? நம்ம வேலை ப்ராசஸைப் பாக்கறது. ப்ராசஸ் ஓடறதா? ஓடறது. மூக்கு உடையறது, முட்டி உடையறதுல்லாம் பிசினஸ் சைடு."

"சார், எங்கப்பா போயிட்டிருக்கார் அடிக்க. இல்ல, அடி வாங்க. அறுபத்து மூணு வயசு, ஸ்டென்ட் வச்ச உடம்பு. உங்க கட்டைவிரல் ஒரு செகண்ட் போதும்."

"ஒரு மணிக்குச் சிங்கப்பூர். ஒன்னே காலுக்கு நிறுத்தலாம், நானே நிறுத்தறேன். அரைமணி நேரத்துல ஒண்ணும் குடி முழுகிடாது."

"அதுக்குள்ள இன்னொரு முகம் எடுக்கிற நேரம் வந்துரும் சார்! ஒவ்வொரு கேட்டுக்கும் இன்னும் ஒருத்தன் போவான்!"

"டீனா, ஒரு போர்வீரன் உணர்ச்சிவசப்படக் கூடாது."

ஒரு மணி. நடுத் திரையில் டைரக்டரின் முகம் தெரிந்தது. பின்னால் பனை மரங்கள். கேசவ் காலர் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். நூறு நாள். ஒரு தோல்வியும் இல்லை. ஒரு இழப்பும் இல்லை. எங்கள் முன்களத்தில் ஒரு சொட்டு ரத்தம்கூட...

அந்த இடத்தில் லிப்ட் திறந்தது.

அந்தக் கட்டடத்துக்கும் கோவிந்தப்பாவின் ஆட்கள்தான் காவல். கீழ்க் கேட்டுக்கு நாலு பேரும், ஏழாவது மாடி வாசலுக்கு மூன்று பேரும் ஒருவரையொருவர் அப்புறப்படுத்தப் புறப்பட்டு, வழியில் லிப்டுக்குள் சந்தித்துக்கொண்டிருந்தார்கள். கதவு திறந்தபோது ஏழு நீலச் சட்டைகளும் ஒரே மூட்டையாக வெளியே விழுந்தன. ஒருவர் பல்லில் இன்னொருவர் காது இருந்தது. ஒருவர் தன் கிழிந்த சட்டையின் பித்தளைப் பேட்ஜால் எதிரியின் கன்னத்தைக் கோடு கோடாகக் கிழித்துக்கொண்டிருந்தார். மூங்கில் கம்பு எலும்பில் விழும் சத்தம், கறுப்புத் தாள் ஒட்டிய அந்த அறையில், நூறு நாளில் முதல் முறையாகக் கேட்ட யுத்தச் சத்தம். படையில் பாதி மேஜைக்கு அடியில் போயிற்று. மீதி அதற்கு முன்பே போயிருந்தது.

"ஏய்! நில்லிஸ்ரோ! யாரோ நீவு!" கோவிந்தப்பா நிறுத்தச் சொல்லிக் கர்ஜித்தபடி நடுவில் பாய்ந்தார்.

"நீ யாரு மேன் நடுவுல?" ஒருவன் அவர் விலாவில் கம்பை இறக்கினான். அவனைக் குறை சொல்ல முடியாது. முதலாளியை அவன் ஏஜென்சி காலண்டரில் மட்டும்தான் பார்த்திருந்தான். காலண்டர் படம் எடுத்து இருபத்திரண்டு வருஷமாகிறது.

கோவிந்தப்பா அவன் கையிலிருந்த போனைப் பறித்துப் படித்தார். முகம் வெற்றிலை போட்ட வாயின் நிறமாயிற்று. "யாரு இது டீனா?"

"நான்தான். நான் அனுப்பல. அது தானா அனுப்புது, இவர் நிறுத்த விட மாட்டேங்கறார்," என்று டீனா கேசவைக் காட்டினாள்.

கோவிந்தப்பா பூசணிக்காயை உடைத்த அதே கையை வீசினார். கேசவ் சாதனைப் பலகையையும் பட்டுத்துணியையும் இழுத்துக்கொண்டு தரையில் விழுந்தார். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. காலர் மைக் வேலை செய்துகொண்டிருந்ததால் அந்த அடி சிங்கப்பூர் வரை கேட்டிருக்க வேண்டும். "இன்டர்னல் ட்ரில் சார், சின்ன ட்ரில்," என்று படுத்தபடியே திரையைப் பார்த்துச் சொன்னார்.

டீனா அவர் மீது பாய்ந்தாள்.

"போனைக் குடுங்க!"

"சிவப்பாயிடும்டி! சிங்கப்பூர்ல பாத்துண்டிருக்கா!" கேசவ் போனை வயிற்றுக்கடியில் வைத்துக் குப்புறக் கவிழ்ந்தார். நாகேஷ் வந்து அவர் கால்கள்மீது உட்கார்ந்தான். டீனா அவர் தலைமுடியைப் பிடித்துத் தூக்கித் தரையில் ஒரு மொத்து மொத்தினாள். பத்து வருஷ சர்வீஸில் மேலதிகாரியிடம் இப்படி நடந்துகொள்வது அவளுக்கு முதல் முறை. ஆனால் கைக்கு முன்பே தெரிந்த வேலைபோல இருந்தது. கேசவ் கட்டைவிரலை முஷ்டிக்குள் பூட்டிக்கொண்டார். அவள் அந்த மணிக்கட்டைக் கடித்தாள். தோல் கிழிந்து உப்புக் கரித்தது. முஷ்டி திறந்தது. விரலைப் பின்பக்கமாக வளைத்துப் போனில் அழுத்தினாள். ஏதோ முறிந்தது. கேசவ் அலறினார். போன் மட்டும் 'நன்றி' என்றது.

வாயடைப்பு நீங்கியது, பாட் நின்றது. பன்னிரண்டு திரைகளும் ஒவ்வொன்றாகச் சிவந்தன.

நாகேஷ் ரத்து உத்தரவை அடித்தான்: "முந்தைய உத்தரவுகள் ரத்து. யாரும் யாரையும் தொட வேண்டாம். உங்கள் சொந்தக் கேட்டுக்கு உடனே திரும்பி முகப் படம் அனுப்பவும்." அடியில் அவள் பெயர் தானாக வந்து உட்கார்ந்தது. அதை எடுக்க வழி தேட அவகாசம் இல்லை. மணி ஒன்று எட்டு. அனுப்பினான். லிப்ட் வாசலில் ஏழு போன்கள் ஒரே நேரத்தில் ஒலித்தன. காதைக் கடித்துக்கொண்டிருந்தவர் காதை விட்டுவிட்டுப் போனை எடுத்துப் படித்தார்.

டீனா படிக்கட்டில் இறங்கி ஓடினாள்.

ஆட்டோவின் முகப்பில் வாழைக்கன்றுகள் ஆடின. டிரைவர் அவள் வாயோரத்து ரத்தத்தைக் கண்ணாடியில் பார்த்தார். மீட்டரைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் ஓட்டினார். வழியில் ஒவ்வொரு கேட்டிலும் நீலச் சட்டைகள். ஒரு பாங்க் வாசலில் ஒருவர் சுவரில் சாய்ந்து பல்லைக் கையில் வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு ஸ்வீட் கடை முன்னால் இரண்டு பேர் ஒருவரையொருவர் சட்டையைப் பிடித்தபடி, மற்றொரு கையால் அவரவர் போனைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

கோல்ஸ் பார்க் கேட்டில் தினேஷ் தரையில் உட்கார்ந்திருந்தான். உச்சந்தலை பிளந்து, ரத்தத்தில் முகத்தின் ஒரு பாதி தெரியவில்லை. ஓஸ்வால்ட் நின்றுகொண்டிருந்தார். இடது தோள் ஒரு சாண் கீழே இறங்கி, அந்தக் கை யாருடையதோபோலத் தொங்கியது. வலது கையில் கம்பு. உதடு நீலமாக இருந்தது.

"டாடி!"

"வந்துட்டியா? ரத்துன்னு வந்துச்சு, நிறுத்திட்டேன்," என்றார். "இன்னும் ஒரு நிமிஷம் லேட்டா வந்திருந்தா இவன் செத்திருப்பான்."

"கெழவன்தானேன்னு மொதல்ல மெதுவா தட்டுனேன் மேடம்," என்றான் தினேஷ், ரத்தத்தை ஊதித் தள்ளியபடி. "மண்டையப் பொளந்துட்டாரு. எந்த ஊரு கெழவன் இது?"

அவனுக்கு ஆம்புலன்ஸ் சொல்லிவிட்டு அப்பாவை ஆட்டோவுக்கு இழுத்தாள். அவர் அசையவில்லை.

"ஆஸ்பத்திரி அப்புறம். சொந்தக் கேட்டுக்குத் திரும்பி முகப் படம் அனுப்பவும்னு போட்டிருக்கே."

"அது நான் போட்டது டாடி. எல்லாருக்கும் பொதுவா போட்டது. நான் சொல்றேன், போக வேணாம்."

"எழுத்துல ஒண்ணு, வாயில ஒண்ணு. இதான் உங்க ஆபீஸா?" கம்பை ஊன்றி நடக்க ஆரம்பித்தார்.

நாலு தெரு. அவர் ஒவ்வொரு அடிக்கும் நெஞ்சைப் பிடித்து நின்று மறுபடி நடந்தார். அவள் கெஞ்சினாள், திட்டினாள், கம்பைப் பிடுங்கப் பார்த்தாள். ஆட்டோ பின்னாலேயே ஊர்ந்து வந்தது. கடைசித் திருப்பத்தில் அவரை ஒரு கல்லில் உட்காரவைத்து, "அங்க யார் இருக்காங்கன்னு நான் முதல்ல பாத்துட்டு வரேன். அசையாதீங்க," என்று முன்னால் ஓடினாள்.

அபார்ட்மென்ட் கேட்டில் மூன்று பேர் இருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு வந்தவன், பன்னிரண்டரைக்கு வந்தவன், ஒரு மணிக்கு வந்தவன். மூவரும் மற்ற இருவரிடமும் அடி வாங்கி முடித்து, நடைபாதையில் வரிசையாக உட்கார்ந்து போன்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரத்து உத்தரவு அவர்களைச் சொந்தக் கேட்டுக்குத் திரும்பச் சொன்னது. ஒருவனுக்குக் கால் எழும்பவில்லை. மற்ற இருவருக்கும் மனம் எழும்பவில்லை.

"அடின்னதும் இவதான். நிறுத்துன்னதும் இவதான்," என்று கிழிந்த உதட்டுக்காரன் சொல்லிக்கொண்டிருந்தான். "யாருடா இவ?"

டீனா அவர்கள் முன்னால் வந்து நின்றாள். "அண்ணா, இங்க டியூட்டி பாக்கற பெரியவர் வரார். அவரை ஒண்ணும் செஞ்சிடாதீங்க. எல்லாம் சிஸ்டம் பண்ண தப்பு. நான் ஆபீஸ்லேருந்துதான் வரேன்."

கிழிந்த உதட்டுக்காரன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தான். கேசவ் யோசனைப்படி, வீரர்களின் பெயர் தூரத்திலிருந்தே தெரியும்படி பெரிய எழுத்தில் அடித்த அட்டை அது. அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான். பிறகு போனைப் பார்த்தான். பிறகு எழுந்தான்.

"டேய். வந்திருக்கா."

மற்றவர்கள் எழுந்தார்கள். கால் உடைந்தவன்கூடக் கேட் கம்பியைப் பிடித்து எழுந்துவிட்டான். "பேர் மட்டும்தான் அண்ணா என்னோடது," என்று அவள் சொல்ல ஆரம்பித்தாள். உதட்டுக்காரன் அட்டையின் கழுத்துப் பட்டையைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினான். வார்த்தை தொண்டையிலேயே நின்றது. இன்னொரு முறுக்கில் அவள் குதிகால்கள் தரையை விட்டன. இரண்டாமவன் அவள் விலாவில் குத்தினான். கால் உடைந்தவன் சாவகாசமாக, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவளுக்கு நேராகப் பிடித்தான்.

"சான்று கேப்பாங்கல்ல," என்றான்.

திருப்பத்தில் கல்லில் உட்கார்ந்திருந்த ஓஸ்வால்ட் தலையை நிமிர்த்திப் பார்த்தார். அவருக்கு எந்த உத்தரவும் வந்திருக்கவில்லை. வந்ததா என்று அவர் போனைத் தொட்டும் பார்க்கவில்லை. எழுந்தார். நாலு தெருவைக் கடக்க அரை மணி எடுத்துக்கொண்டவர் அந்த அறுபது அடியை ஓடி வந்தார். தொங்கிய கை பின்னால் பறந்தது. முதல் அடி பட்டையைப் பிடித்திருந்தவன் முழங்கையில் விழுந்தது. எலும்பு உடைந்த சத்தம் ஆட்டோ டிரைவருக்குக் கேட்டது. இரண்டாவது அடி போனில். மூன்றாவது அடிக்குக் கம்பு நீளவாக்கில் பிளந்துவிட்டது. பிளந்த கம்போடு நாலாவதை ஓங்கினார்.

டீனா தரையில் கிடந்து இருமியபடி அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"டாடி, போதும். நிறுத்துங்க டாடி."

ஓங்கிய கம்பு நின்றது. அவர் குனிந்து அவளைப் பார்த்தார். ஆப்பில் வந்ததா, வாயால் சொன்னதா என்று அவர் பார்க்கவில்லை. கம்பைக் கீழே போட்டார்.